தகரப் பெட்டியில் வைத்த கடிதம்

கிட்ட வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் கிடைக்கும். இன்றைக்கு ஒரு கடிதத்தின் கதை சொல்கிறேன். அது தொலையவில்லை, திருடு போகவில்லை. போய்ச் சேர வேண்டிய ஆளின் கைக்கு, சொன்ன நாளில், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் ஒரு வீட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது சிரிக்கவைத்து அனுப்புகிற கதை இல்லை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களை அழவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கும் மனசில்லை.

துரைமார் ஆண்ட காலம். கோர்ட்டு ஆவண அறையில் முப்பத்திரண்டு வருடம் நகல் எழுதி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஊரே அவரை நகலையா என்று கூப்பிடும். புத்தகம் கட்டுகிற கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே இருந்து பசை காய்ச்சுகிற வாசனை நாள் முழுக்க ஏறி வரும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் எழுதியதைப் படிப்பதற்கு முன் எழுதாத இடத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். கூட இருந்தது அவருடைய தங்கை. ஐம்பது வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அண்ணன் யோசிக்கத் தொடங்கும்போது அவள் முடிவுக்கே வந்திருப்பாள். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஓர் இளம்பெண் மாடிப்படி ஏறி வந்தாள். சபைப் போதகரின் இளைய மருமகள். அவளை ஊருக்கே தெரியும். மூன்று மாதமாக ஊர் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

"ஐயா, வர்ற சனிக்கிழமை கப்பல் கிளம்புது. என் வீட்டுக்காரருக்குத் தீவாந்தரம், இருபது வருஷம். நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு நினைச்சுக்கிட்டே கப்பல் ஏறப் போறாரு. என்னைப் பார்க்க மாட்டேன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டாரு. சனிக்கிழமைக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும்."

"உக்காரும்மா முதல்ல. குழந்தையை இப்படிக் கொடு," என்று அவசரம் கையை நீட்டினாள். "யாருன்னு கேக்கிறதுக்கு என்ன இருக்கு? உன் வீட்டுக்காரரோட அண்ணன்தான். துரைத்தனத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. தம்பியால வேலை போயிடும்னு பயம். முடிஞ்சுது கதை."

"முடிஞ்சதுன்னா நீ உள்ள போயி அடுப்பைப் பாரு," என்றார் நகலையா. அவள் போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

மருமகள் நடந்ததைச் சொன்னாள். போதகருக்கு இரண்டு மகன்கள். பெரியவன் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்மோனியம் வாசிப்பவன். சின்னவன் துரைமாரை எதிர்க்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. அரிசிப் பானைக்குள்ளேகூடக் கையை விட்டார்கள். போதகர் பிரசங்கம் எழுதுகிற அறைக்குள் மட்டும் மரியாதைக்காகப் போகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் சின்னவன் ஒரு கடிதத்தை மனைவி கையில் கொடுத்தான். எந்த நாளில் எந்தத் தண்டவாளத்தைப் பெயர்ப்பது, யார் யார் வருவது என்று எல்லாமே அதில் இருந்தது. திங்கட்கிழமை கடைத்தெருத் தையற்காரரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

"எங்க வச்சே?" என்றார் நகலையா.

"மாமாவோட பிரசங்க அறையில. பழைய பிரசங்கம் போட்டு வச்சிருக்கிற தகரப் பெட்டி ஒண்ணு இருக்கு. கட்டு கட்டாக் கிடக்கும். மேல இருந்த கட்டுக்கு அடியில செருகினேன். அந்தப் பெட்டியை மாமா திறக்கவே மாட்டாரு. 'பழைய பிரசங்கத்தை எடுத்துப் படிக்கிறவன் போதகன் இல்ல, சோம்பேறி'ன்னு பீடத்துலயே சொல்லியிருக்காரு. வாரா வாரம் புதுசு எழுதுவாரு. நாப்பது வருஷமா அதுதான் அவருக்குப் பெருமை."

"கடிதம் எப்படி இருந்தது? முத்திரை ஏதாவது?"

"வெறும் மடிப்புதான். ரெண்டு பக்கம், எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து. திங்கக்கிழமை எடுக்கும்போது வச்ச இடத்துலயே இருந்தது. தையற்காரர்கிட்ட கொடுத்தேன். புதன்கிழமை இவரையும் தையற்காரரையும் சேர்த்து எட்டுப் பேரையும் பிடிச்சுட்டாங்க. கோர்ட்டுல பார்த்தா, அந்தக் கடிதத்தோட நகல் போலீஸ் துரை கையில இருக்கு. எழுதினது யாருன்னு தெரியாம இருக்க இடது கையால எழுதியிருக்காங்க."

"நடுவுல வீட்டுல யாரு இருந்தாங்க?"

"சனிக்கிழமை மாமா காலையிலயே கிளம்பிட்டாரு. வெள்ளத்துல ரெண்டு பேரு செத்துப் போயிருந்தாங்க, ரெண்டு அடக்கம், ரெண்டு மூலையில. வீட்டுக்கு வரும்போது விளக்கு ஏத்தியாச்சு. நேரா அறைக்குள்ள போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சபையில இருந்தோம். எங்ககூடவே தங்கியிருந்த மாமாவோட எழுத்தருக்கு மட்டும் காய்ச்சல், வீட்டோட படுத்திருந்தாரு. அதை வச்சுத்தான் வாத்தியார் அத்தான் அவரு மூட்டையைத் தூக்கித் தெருவுல போட்டாரு. பதினோரு வருஷம் மாமாவோட பிரசங்கங்களைப் பிரதி எடுத்த மனுஷன். 'நான் இல்ல தம்பி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரு மட்டும் எழுத்தரை நம்பினாரு. 'பெட்டியில இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான்'னு சொல்லிட்டாரு."

"அந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை எப்படி நடந்தது? ஞாபகம் இருக்கிறதையெல்லாம் சொல்லு."

"வழக்கம் போலத்தான். மாமாதான் கொஞ்சம் தடுமாறிட்டாரு. ஆறு கரை தாண்டி ஓடிக்கிட்டிருக்கு, வெளியே மழை கொட்டுது, அவரு பீடத்துல நின்னு, 'வானம் அடைபட்டிருக்கிறது, மழைக்காக மன்றாடுவோம்'னு படிக்கிறாரு. வெள்ளத்துல மகனைப் பறிகொடுத்த அம்மா முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. எழுந்து வெளியே போயிட்டாங்க."

"பாவம், வயசாயிடுச்சு," என்றாள் அவசரம். "எழுபதுக்கு மேல மழையும் வெயிலும் ஒண்ணாத்தான் தெரியும்."

நகலையா மருமகள் கொண்டுவந்திருந்த காகிதங்களை வாங்கி விரித்தார். துரையிடம் இருந்த அந்த நகலை அப்படியே பிரதி எடுத்துக் கோர்ட்டு முத்திரை போட்டு வக்கீலுக்குக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் ஐந்து பக்கம்.

"இது எங்க ஆபீஸ் வேலை," என்றார். "மூலத்துல வரி எங்க முடியுதோ பிரதியிலயும் அங்கதான் முடியணும். அவன் இடம் விட்டிருந்தா நாமளும் விடணும். இதை எழுதின பையன் ஒழுங்கா விட்டிருக்கான்."

அவசரம் எட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தின் அடியில் நான்கு வரி காலி. இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் ஐந்து. "காகிதத்தை வீணாக்கியிருக்கான். துரைத்தனத்துக் காகிதமா இருக்கும். அண்ணா, நான் சொன்னேன் இல்ல, வாத்தியாருதான்."

"அவசரம், உனக்கு ஒரு வேலை. அந்த வீட்டுல மூணு ஆம்பளைங்களும் வேற எதையாவது எழுதினது ஒவ்வொண்ணு எனக்கு வேணும். ஒரு பக்கத்துல நிக்கிறதா இருக்கக் கூடாது, ரெண்டு மூணு பக்கம் ஓடினதா இருக்கணும்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "உனக்கும் ஒரு வேலைம்மா. அந்தப் பெட்டியில ஒன்பது வருஷத்துக்கு முந்தின கட்டைத் தேடு. ஊரே காய்ஞ்சு கிடந்த வருஷம். அதுல மழைக்காக மன்றாடின பிரசங்கம் ஒண்ணு இருக்கும். எடுத்துட்டு வா."

மருமகளின் முகம் வெளுத்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போதகர் வீட்டு முன்னறையில் எல்லோரும் இருந்தார்கள். போதகர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெரியவன் உட்காராமல் நின்றான். எழுத்தரை அவசரம் கையோடு அழைத்து வந்திருந்தாள். வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று அவர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மருமகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கோர்ட்டுக் குமாஸ்தாவை யாரு உள்ள விட்டது?" என்றான் பெரியவன். "எங்க வீட்டு மானம் போனது பத்தலையா?"

"நான்தான் கூப்பிட்டேன் அத்தான்," என்றாள் மருமகள். "போனது என் மானம்."

நகலையா முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் காகிதங்களைப் பரப்பினார். அவர் குரல் உயரவே இல்லை.

"வாத்தியார் தம்பி, இது நீங்க உங்க மாமியார் வீட்டுக்கு எழுதின கடிதம். பக்கம் முடிஞ்சதும் காகிதத்தைத் திருப்பி ஓரத்துலயும் எழுதியிருக்கீங்க."

"தபால் எடை கூடக் கூடாதுன்னு. அதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல. ஒரு வரி காலியா விட உங்களுக்கு மனசு வராது. இது எழுத்தர் எழுதின பிரதி. கடைசி வரி வரைக்கும் நிரப்பிட்டு, வாக்கியம் பாதியில நின்னாலும் அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போறாரு. பக்கம் மாறிப் போகாம இருக்க, அடுத்த பக்கத்தோட முதல் வார்த்தையை அடியில ஒரு தடவை எழுதி வைக்கிறாரு. நானும் முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் செஞ்சேன். தூக்கத்துல எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவோம்."

எழுத்தர் தலையை மட்டும் அசைத்தார்.

"இப்ப துரைக்குப் போன நகல். அஞ்சு பக்கத்துலயும் ஒரு வாக்கியம்கூடப் பாதியில உடையல. ஒவ்வொரு பக்கமும் முற்றுப்புள்ளியோட முடியுது. அடுத்த வாக்கியம் முழுசா அடங்காதுன்னு தெரிஞ்சா இடத்தைக் காலியா விட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்காரு. அப்படி யாரு எழுதுவாங்க? நாலு பேரு முன்னால நின்னு படிக்கிறவங்க எழுதுவாங்க. வாக்கியத்து நடுவுல பக்கம் திருப்பினா மூச்சு அறுந்து போகும், கேக்கிறவங்க கவனம் போகும். ஐயாவோட பிரசங்கத் தாள் ஒவ்வொண்ணும் இப்படித்தான் முடியுது. வலது கையோ இடது கையோ, எழுத்தைக் கோணலாக்கலாம். நாப்பது வருஷம் பீடத்துல நின்னவருக்குப் பக்கத்தை எங்க முடிக்கிறோம்னு நினைப்பே இருக்காது. அதனால அதை மறைக்கணும்னும் தோணல."

பெரியவன் திரும்பித் தகப்பனைப் பார்த்தான். "உளறாதீங்க. அப்பா அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டாரு."

"அப்படி நம்பித்தான் உங்க தம்பி பொஞ்சாதி அங்க வச்சா. ஆனா அந்தச் சனிக்கிழமை ரெண்டு அடக்கம். ஐயா வீடு திரும்பினப்ப பொழுது சாய்ஞ்சு போச்சு. புதுசு எழுத உடம்புல தெம்பு இல்ல. நாப்பது வருஷத்துல முதல் தடவையாவோ என்னவோ, பெட்டியைத் திறந்தாரு. மேல் கட்டைத் தூக்கினாரு, மகனோட எழுத்து அடியில இருந்தது. அப்புறம் அவரு பிரசங்கத்தை எங்க பார்த்தாரு? கையில கிடைச்சதை எடுத்துட்டுப் போயி, ஊரே வெள்ளத்துல மிதக்கும்போது மழைக்கு மன்றாடிட்டு வந்தாரு. சபையில எல்லாரும் வயசுன்னு நினைச்சாங்க. என் தங்கச்சியும் அப்படித்தான் நினைச்சா."

அவசரம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

நகலையா கடைசித் தாளை எடுத்தார். "ஐயா ஒவ்வொரு பிரசங்கத்து மூலையிலயும் அதைப் பிரசங்கிச்ச தேதியைக் குறிப்பாரு. இந்த வறட்சிப் பிரசங்கத்துல ரெண்டு தேதி இருக்கு. ஒண்ணு ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. இன்னொண்ணு அந்த ஞாயித்துக்கிழமை. குறிக்காம விட்டிருந்தா எனக்கு இது சந்தேகமாவே இருந்திருக்கும். பிரசங்கத் தாள்ல பொய் சொல்ல ஐயாவுக்குக் கை வரல."

போதகர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தண்டவாளத்தைப் பெயர்த்தா ரயில்ல வர்றவன் சாவான்," என்றார். "ஒரே நாள்ல ரெண்டு பிள்ளைகளைப் புதைச்சுட்டு வந்த கை இது. அந்தக் கையில அந்தக் கடிதம். நான் என்ன செய்யணும்? அந்தப் போலீஸ் துரை நம்ம சபையில வந்து உக்கார்றவரு. மறுநாள் தனியாப் பார்த்து நகலைக் கொடுத்து, என் பேரு வெளியே வராம, பசங்களை எச்சரிச்சு விட்டுடுங்கன்னு கேட்டேன். ஆகட்டும்னாரு. மகனைப் பலியிடப் போன தகப்பனுக்குக் கடைசி நிமிஷத்துல தேவன் ஒரு ஆட்டைக் காட்டினாருன்னு எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன். எனக்கும் காட்டுவாருன்னு நம்பினேன்."

"அப்பா," என்றான் பெரியவன். அவன் குரல் பள்ளிக்கூடப் பையனின் குரல் போல இருந்தது. "நான் இவரு மூட்டையைத் தெருவுல போட்டப்ப நீங்க உள்ளதானே இருந்தீங்க."

போதகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நிலைப்படிக்கு வெளியிலிருந்து எழுத்தர் பேசினார். "ஐயா, பதினோரு வருஷம் உங்க பிரசங்கத்தைப் பிரதி எடுத்தேன். கூலிக்குன்னு நினைச்சு எடுக்கல. அதுல இருந்ததை நம்பி எடுத்தேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பெரியவன் பின்னாலேயே ஓடினான்.

போதகர் மருமகளைப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லாதேம்மா. அங்க போறவன் தகப்பனையாவது நல்லவன்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும்."

"என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டுப் போகணும் மாமா?"

அவர் எழுந்து பிரசங்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலையே நகலையா வக்கீல் மூலம் சிறைக்கு ஒரு வரி அனுப்பினார்: 'நகல் எடுத்தவர் யாரென்று தெரிந்துவிட்டது, உங்கள் மனைவி சொல்வார்.' அதுவரை மனைவியைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவந்த சின்னவன் உடனே சம்மதித்தான். சிறையில் கொடுத்தது ஐந்து நிமிடம்.

வெள்ளிக்கிழமை அவசரம்தான் துணைக்குப் போனாள். சிறை வாசலில் குழந்தையோடு நின்றுவிட்டாள். உள்ளே இரண்டு கம்பி வேலிகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி, அதில் ஒரு வார்டர். அந்தப் பக்கம் தலை மழித்த சின்னவன். அவன் அவளிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

வழியெல்லாம் எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் தேவையற்றுப் போயின.

"அப்ப யாருன்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "கோர்ட்டுல அப்பா வந்து நின்னாரே. தீர்ப்பு வாசிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கல. அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் வக்கீல்கிட்ட என் பேரைச் சொன்னீங்க."

"அங்க இருபது வருஷம். அப்பாவை வெறுத்துக்கிட்டு என்னால அத்தனை வருஷம் உயிரோட இருக்க முடியாது. உன்னை வெறுத்தா இருந்துடலாம்னு தோணிச்சு."

வார்டர் திரும்பி நின்றுகொண்டான். அவனுக்கும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள்.

அவள் அழவில்லை என்று பிறகு வார்டரே ஊரில் சொன்னான். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "சரி," என்றாள். "வெறுத்துக்கோங்க. ஆனா பொய்னு தெரிஞ்சே வெறுங்க. எனக்கும் தெரியும்னு தெரிஞ்சே வெறுங்க." ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தவளிடம் அவசரம் குழந்தையைக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் மருமகள் போதகர் வீட்டிலிருந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, புத்தகம் கட்டுகிற கடையில் தாள் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நகலையா அந்த வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதில்லை. பேசச் சொல்லித் தங்கையும் கேட்டதில்லை.

தீவிலிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுத அனுமதி உண்டு. சின்னவன் இரண்டையும் தகப்பனுக்கே எழுதினான். 'அன்புள்ள அப்பா, உங்கள் நினைவுதான் எனக்கு இங்கே பலம்' என்றே ஒவ்வொன்றும் தொடங்கும். போதகர் அந்த முதல் வரியைத் தாண்டிப் படித்ததே இல்லை. மடித்து அந்தத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பதினாலு கடிதம் வந்தது. அதற்குமேல் வாங்க அவர் இல்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்க, கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். ஒருவரை நல்லவராக வைத்துக்கொள்ள இன்னொருவரைக் கெட்டவராக்க வேண்டிய நாள் உங்கள் வாசலுக்கு வராமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும், நீங்களும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். நல்லா இருங்க.